நிறைமாதமும் நாட்கூலியும்

தமிழ்நாட்டின் பழைய பாதைகளில், ஊருக்கும் ஊருக்கும் இடையே, நட்டுவைத்த இரண்டு கற்களின்மேல் குறுக்காக ஒரு கல்லைக் கிடத்திய அமைப்பொன்றை இன்றும் சில இடங்களில் காணலாம். தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் கைகொடுக்காமலே சுமையை இறக்கிவைக்கவும், இளைப்பாறியபின் குனியாமலே அதை மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளவும் வாகான உயரத்தில் அமைந்த அந்தக் கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயர். வயிற்றில் சிசுவோடு மரித்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காமற்போன பாரத்தை வழிப்போக்கராவது இறக்கிவைக்கட்டும் என்ற எண்ணத்தோடு, அவளுடைய உறவினர் அதை நாட்டுவது வழக்கம். கர்ப்பிணியின் பாரத்தை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த ஒரு சமூகம், அவள் உயிரோடிருக்கையில் எந்த நாளில் எந்த வேலையை இறக்கிவைக்கலாம் என்பதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்ற கேள்வி நெடுநாளாக என் மனத்தில் இருந்துவந்தது. அந்தக் கேள்வியைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொதுப்படப் பேசினால் இவ்விஷயம் பிடிகொடுக்காது. ஆகவே பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டாரத்தை எடுத்துக்கொள்கிறேன். வடக்கே வெள்ளாறு எல்லையாக ஓட, கரிசல் மண்ணும் மானாவாரிச் சாகுபடியுமாக விரிந்துகிடக்கும் இப்பகுதியில் பருத்தியும் மக்காச்சோளமும் பிரதானப் பயிர்கள். குன்னம் என்ற பெயரைத் தாங்கிய சட்டமன்றத் தொகுதி மாவட்ட எல்லையையும் கடந்து அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வரை நீள்வதால், அப்பக்கத்து முந்திரிக் காடுகளும் நம் பார்வைக்குள் வந்துவிடுகின்றன. காலை எட்டு மணிக்கு இப்பகுதியின் ஏதேனும் ஒரு சாலையோரத்தில் நின்று பார்த்தால், அரசுப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் செல்லும் ஆசிரியையையும், தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்துநிற்கும் இளம்பெண்ணையும், தூக்குவாளியும் களைக்கொத்துமாகக் காட்டுக்குப் போகும் கூலிப் பெண்ணையும் அரை நாழிகைக்குள் கண்டுவிடலாம். மூவரும் ஒரே மாதத்தில் கருவுற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேற்றுக்கு முன் எப்போது வேலையை விடுவது என்ற கேள்விக்கு மூவருக்கும் மூன்று விதமான விடைகள் உண்டு. அந்த விடைகளைத் தீர்மானிப்பது அவர்களுடைய தேகநிலையன்று என்பதுதான் கவனிக்கத்தக்கது.

அரசுப் பணியாளரான ஆசிரியைக்கு, 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து, இரண்டு குழந்தைகள் வரை, முழுச் சம்பளத்தோடு 12 மாத மகப்பேறு விடுப்பு இருக்கிறது. எறையூர்ச் சிப்காட் வளாகத்தில் 2023-இல் காலணித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபின் இம்மாவட்டத்துப் பெண்கள் பலருக்குப் புதிதாக வாய்த்திருப்பது போன்ற ஆலை வேலையில் இருப்பவளுக்கு, மத்தியச் சட்டப்படி, முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம். காட்டு வேலைக்குப் போகிறவளுக்கு விடுப்பு என்ற சொல்லே பொருந்தாது. வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள், அவ்வளவுதான்.

தை மாதத்துப் பருத்திக் காட்டை ஒருமுறை அருகிலிருந்து பார்க்க வேண்டும். பழைய புடவைத் துணியை இடுப்பைச் சுற்றிக் கட்டி முன்புறம் மடியாக்கிக்கொண்டு, நிரை பிடித்து நகரும் பெண்கள், வெடித்த காயின் ஓட்டிலிருந்து மூன்று விரல்களால் பஞ்சை உருவி மடியில் இடுவார்கள். காய்ந்த ஓட்டின் முனை ஊசிபோல் கூர்மையானதாகையால், பொழுது சாய்வதற்குள் நகக்கண்களைச் சுற்றிக் கீறல்கள் விழுந்திருக்கும். மடி நிறைய நிறையக் கனம் முன்னுக்கு இழுக்கும். முதுகு பின்னுக்கு வளையும். ஐந்தாறு மாதக் கர்ப்பிணி மட்டும் மடியை முன்புறம் கட்டமாட்டாள். முடிச்சை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளி, பஞ்சுப்பொதி விலாவில் தொங்குமாறு கட்டிக்கொள்வாள். பாதி நிறைந்ததும் வரப்புக்குப் போய்க் கொட்டிவிட்டு வருவாள். மற்றவர்கள் இருமுறை நடக்கும் தூரத்தை அவள் நான்கு முறை நடக்கிறாள். பருத்தி எடுப்புக்குப் பெரும்பாலும் கிலோக் கணக்கில் கூலி என்பதால், அந்த நடை ஒவ்வொன்றும் அவளுடைய கூலியைக் குறைக்கிறது. இன்ன நாளில் நிறுத்தினாள் என்று சொல்லும்படியாக அவள் நிறுத்துவதில்லை. முதலில் ஒரு நிரை பின்தங்குகிறாள். பிறகு நண்பகலுக்கு மேல் வேப்பமர நிழலில் சற்று அதிகம் உட்காருகிறாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறாள். தராசு தன் போக்கில் அவளை வேலையிலிருந்து சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்டு வருகிறது.

சட்டம் இந்த விஷயத்தை வேறு விதமாகப் பார்க்கிறது. அது பேறு எதிர்பார்க்கப்படும் தேதியை நடுவில் நட்டு, அதிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணுகிறது. இந்த முறைக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1877-இல் சுவிட்சர்லாந்தின் தொழிற்சாலைச் சட்டம், பேற்றுக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரங்கள் பெண்களை ஆலையில் வேலைவாங்கக்கூடாது என்று விதித்தது. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பேறு ஆறு வாரங்களுக்குள் நிகழலாம் என்று மருத்துவர் சான்று தந்தால் வேலையை விட்டு விலகும் உரிமையையும், பேற்றுக்குப்பின் ஆறு வாரம் கட்டாய ஓய்வையும் உடன்படிக்கையாக்கியது. மருத்துவர் தேதியைத் தவறாகக் கணித்துவிட்டாலும் அதனால் தாய்க்கு உதவித்தொகை குறையலாகாது என்று அதில் ஒரு வாசகத்தையும் சேர்த்தது. அந்த வாசகத்தை எழுதியவர்களுக்குப் பிரசவத்தைப் பற்றி உண்மையிலேயே தெரிந்திருந்தது. ஆனால் அந்த உடன்படிக்கை ஆலைக்கும் வணிகத்துக்கும் மட்டுமே உரியது. வேளாண்மைக்கு 1921-இல் வெறும் பரிந்துரை ஒன்றுதான் கிடைத்தது. காட்டு வேலைக்காரி வரிசையின் கடைசியில் நிற்கும் கதை அன்றே தொடங்கிவிட்டது.

நம் நாட்டில் 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேற்று உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓரளவு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நலனுக்கே உரியது என்றும், ஆகையால் அந்தச் செலவில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்பதே நியாயம் என்றும் வாதித்தார். பம்பாய்ச் சட்டம் 1929-இலும், சென்னை மாகாணத்துக்குரிய சட்டம் 1934-ஆம் ஆண்டினதாகவும் வந்தன. அரசியலமைப்பின் 42-ஆம் விதி மகப்பேற்று நிவாரணத்தை அரசின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமுமாகப் பன்னிரண்டு வாரத்தை நாடு முழுமைக்கும் பொதுவாக்கிற்று. 2017-இல் அது 26 வாரமாக உயர்ந்து, அவற்றுள் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று; அதன் சாரம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இடம்பெற்றது.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவில், அதிகம் பேர் படிக்காத ஓர் உட்பிரிவு இருந்தது. பேற்றுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கும் முன்னதாக உள்ள ஒரு மாதத்தில், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால், கடினமான வேலையையும் நெடுநேரம் நிற்கும் வேலையையும் அவளுக்குத் தரலாகாது என்பது அது. வேலையை முற்றாக நிறுத்துவதற்கு முன் அதன் கனத்தைக் குறைக்கும் காலம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. ஆயினும் ‘அவள் கேட்டுக்கொண்டால்’ என்ற நிபந்தனை எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கும் என்பதை, மேற்பார்வையாளர் முன்னிலையில் உட்கார ஒரு முக்காலி கேட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சட்டம் தரும் 26 வாரமும் ஒரே பைப் பணம் என்பதையும் இங்கே கூற வேண்டும். பேற்றுக்கு முன் எட்டு வாரம் எடுத்தவளுக்குப் பின் 18 வாரமே மிஞ்சும். முன்னால் ஒன்றும் எடுக்காதவளுக்கு 26 வாரமும் குழந்தையோடு கழியும். பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டிய நாளை மனத்தில் வைத்துக் கணக்கிடும் தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வீங்கிய காலோடு ஒன்பதாம் மாதத்திலும் பேருந்தில் நின்று போகும் ஆலைப் பெண்ணைப் பார்த்து, வீட்டில் இருக்கக்கூடாதா என்று அங்கலாய்ப்பவர்கள், அவள் தனக்காக அன்றி, இன்னும் பிறவாத குழந்தைக்காக நாள்களைச் சேமித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நினைத்துப்பார்க்க வேண்டும். பன்னிரண்டு மாத விடுப்புள்ள ஆசிரியையும் இதே கணக்கைத்தான் போடுகிறாள். அவளுக்குப் பை பெரிது என்பதொன்றே வித்தியாசம். ஓய்வு தாய்க்கா சிசுவுக்கா என்ற இந்தப் போட்டியை ஏற்படுத்தியது இயற்கையன்று, சட்டத்தின் கணக்கு முறை.

நாள்களை எண்ணுவதில் எத்தனை சிக்கல் உண்டு என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு பிரசித்தம். கோயம்புத்தூர் மாவட்டத்து மவுண்ட் ஸ்டூவர்ட் தேயிலைத் தோட்டத்துப் பெண் தொழிலாளி ஒருவர் 1967-இல் மகப்பேற்று விடுப்பில் சென்றார். பன்னிரண்டு வாரத்துக்கு 84 நாள் என்பது அவருடைய கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகள் கூலியில்லா விடுமுறை நாள்களாகையால் பன்னிரண்டு ஞாயிறுகளைக் கழித்து 72 நாளுக்கே பணம் என்பது தோட்டத்தின் கணக்கு. பன்னிரண்டு நாட் கூலிக்கான அந்த வியாஜ்யம் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்து, 1977-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. வாரம் என்றால் ஏழு நாள், ஞாயிறும் அதில் அடக்கம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வில் இருக்கும் தாய்க்கு ஞாயிற்றுக்கிழமையிலும் பசிக்கும் என்ற உண்மையை நிலைநாட்டப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன. வயிற்றிலிருந்த குழந்தை அதற்குள் ஐந்தாம் வகுப்பை எட்டியிருக்கும்.

இன்னொரு வழக்கு தில்லி மாநகராட்சியினுடையது. மஸ்டர் ரோல் என்னும் நாட்கூலிப் பட்டியலில் பெயர் எழுதப்பட்டு, சாலை போடவும் பள்ளம் தோண்டவும் நியமிக்கப்பட்ட பெண்களுக்கு மகப்பேற்று உரிமை இல்லை என்ற வாதத்தை 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிரந்தரப் பணியாளரானாலும் நாட்கூலியானாலும் சுமப்பது ஒரே சுமை என்ற இந்தத் தீர்ப்பு மனிதாபிமானம் நிறைந்தது. ஆயினும் அங்கே மாநகராட்சி என்றொரு முதலாளி இருந்தான். யாரைக் கேட்பது என்பது தெரிந்திருந்தது. திங்கட்கிழமை ஒருவர் காட்டில் களைவெட்டும், செவ்வாய்க்கிழமை மற்றொருவர் காட்டில் பருத்தியும், புதன்கிழமை தன் சொந்த அரை ஏக்கரில் வேலையுமாகக் கழிக்கும் குன்னத்துப் பெண் யாரிடம் விண்ணப்பம் கொடுப்பாள்? 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த நூறு நாள் வேலையில் அரசாங்கமே முதலாளி. எனினும் அங்கும் வராதவளுக்கு அன்றையக் கூலி இல்லை.

அவளுக்காக உள்ள ஏற்பாடு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாடு அரசு நடத்திவரும் மகப்பேறு நிதியுதவித் திட்டமே. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டசபைக்குள் முதல் பெண் உறுப்பினராக நுழைந்த அந்த அம்மையாரின் பெயரில், ஏழைக் கர்ப்பிணிக்கு இழந்த கூலியையும் உணவையும் ஈடுசெய்யும் நோக்கத்தோடு எண்பதுகளில் சொற்பத் தொகையாகத் தொடங்கியது, 2006-இல் 6,000 ரூபாயாகவும் 2011-இல் 12,000 ஆகவும் 2018-இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. இதில் 14,000 பணம். மீதி 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் இரண்டு. பணம் ஒருசேர வருவதில்லை. தவணை தவணையாக, கருவுற்ற காலத்துக்கும் பேற்றுக்குப் பிந்திய காலத்துக்கும் பிரிந்து வருகிறது. நாளொன்றுக்கு 300 ரூபாய் கூலி என்று கொண்டால், மொத்தப் பணமும் ஏறத்தாழ 47 நாள் கூலிக்குச் சமம். இந்தியாவின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் இது பெருமைப்படத்தக்க ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பேற்றுக்கு முன் இரண்டு மாதமும் பின் நான்கு மாதமும் வீட்டிலிருக்க வேண்டியவளுக்கு 47 நாள் எங்கே எட்டும்?

இனி உடற்கூறு சொல்வதைக் கேட்போம். 1895-இல் பாரிஸ் மருத்துவப் பேரவையின் முன் அடோல்ஃப் பினார் என்ற பிரசவ மருத்துவர் ஓர் எளிய ஒப்பீட்டை வைத்தார்: வலி காணும் வரை வேலை செய்துவிட்டு வந்த ஏழைப் பெண்களின் குழந்தைகளைவிட, அதற்கு முன் சில நாள்களேனும் இல்லமொன்றில் தங்கி ஓய்ந்திருந்த ஏழைப் பெண்களின் குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 300 கிராம் அதிக எடை இருந்தன. நூறாண்டுக்கு மேல் சென்றபின், 2012-இல், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எட்டாம் மாதத்துக்குப் பின்னும் வேலைக்குச் சென்றவர்களின் குழந்தைகள், ஆறுக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வேலையை விட்டவர்களின் குழந்தைகளைவிட 230 கிராம் குறைந்திருந்ததாகக் கண்டனர். இத்தகைய ஒப்பீடுகளில் ஒரு பலவீனம் உண்டு: கடைசிவரை வேலை செய்பவள் பெரும்பாலும் ஏழையும் மெலிந்தவளுமாக இருப்பாளாகையால், எடைக்குறைவில் வேலையின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இருப்பினும் இரண்டு நூற்றாண்டுகளின், இரண்டு நாடுகளின் கணக்கு ஒரே திசையைக் காட்டுவதை அலட்சியம் செய்யமுடியாது.

நமக்கு இன்னும் நெருக்கமானது புனே நகருக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் தொண்ணூறுகளில் நடந்து, 2003-இல் வெளிவந்த ஆய்வு. உழவுத்தொழிற் குடும்பங்களைச் சேர்ந்த 797 கர்ப்பிணிகளின் அன்றாட வேலைகளை, வயல்வேலை மட்டுமின்றித் தண்ணீர் சுமப்பதும் துணி துவைப்பதும் உட்பட, கர்ப்பத்தின் வெவ்வேறு கட்டங்களில் கேட்டுப் பதிந்து, பிறந்த குழந்தைகளின் அளவுகளோடு அவற்றைப் பொருத்திப் பார்த்தார்கள். கடும் உழைப்பு மிகுந்தவர்களின் குழந்தைகள் எடையிலும் தலைச் சுற்றளவிலும் சிறுத்திருந்தன. இந்தத் தொடர்பு கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலும் நடு மாதங்களிலும் செய்த உழைப்போடு காணப்பட்டது. சட்டம் கண்ணை வைத்திருப்பதோ கடைசி எட்டு வாரத்தில். கருவுற்ற சில வாரங்களிலேயே இதயத்தின் வேலை கூடத் தொடங்கி, இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கை நோக்கிப் பெருகிவரும் மாதங்களில், வயிறு வெளியே தெரியாததால், ஒருவரும் அவளைக் கர்ப்பிணியாகக் கருதுவதில்லை. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்ற செய்தி மாமியார் காதோடு நின்றுவிடும் அந்த நாள்களில் அவள் முழு ஆள் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். கூலி வேலையை நிறுத்தியபின்னும் குடத்தையும் துணி மூட்டையையும் நிறுத்துவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெயிலைப் பற்றிய சான்று நம் மாநிலத்திலேயே எடுக்கப்பட்டது. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை வித்யா வேணுகோபாலின் குழுவினர் 2017 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வயலிலும் செங்கற்சூளையிலும் உப்பளத்திலுமாகக் கடும் வெப்பத்தில் உழைப்பவர்கள். வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் அபாயம் மற்றவர்களுக்கு இருந்ததைப்போல் இரு மடங்கு என்பது 2024-இல் வெளிவந்த முடிவு. சிசு தன் உடற்சூட்டைத் தாயின் இரத்தத்தின் வழியாகவே வெளியேற்ற வேண்டும். தாயே வெந்துகொண்டிருக்கையில் அது எங்கே போகும்? இவ்வாய்வை முதன்முறை படித்தபோது, பங்குனி வெயிலில் ஏரி வேலைக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் சாய்ந்து கிடக்கும் கர்ப்பிணிகளின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

வாரக் கணக்கோடு பருவக் கணக்கையும் பொருத்திப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். குன்னத்து மானாவாரிக் காட்டில் ஆவணி புரட்டாசியில் விதைப்பு; அதன்பின் களைவெட்டு; மார்கழி தையில் மக்காச்சோள அறுவடை; தையிலிருந்து மாசி பங்குனி வரை பருத்தி எடுப்பு; பிறகு கோடை. ஆவணியில் கருவுற்றவளுக்கு வைகாசியில் பேறு. சட்டம் சொல்லும் கடைசி எட்டு வாரம் அவளுக்குப் பங்குனி சித்திரையில் விழும். அப்போது பருத்திக் காட்டில் வேலை ஓயத் தொடங்கிவிடும். நூறு நாள் வேலையும், செந்துறைப் பக்கமானால் வெயிலில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் வேலையும்தான் பெரும்பாலும் இருக்கும். அவள் குனிந்தே கிடந்து களைவெட்டியது கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில். மடிகட்டிப் பருத்தி எடுத்தது நடு மாதங்களில். புனே ஆய்வு எந்த மாதங்களைச் சுட்டுகிறதோ, அந்த மாதங்களிலேயே அவளுடைய கடும் உழைப்பெல்லாம் தீர்ந்துவிடுகிறது. சித்திரையில் கருவுற்றவளின் நிலை நேர்மாறு. அவளுக்குத் தையில் பேறு. ஆகவே கடைசி எட்டு வாரம் ஆண்டிலேயே கூலி மிகுந்த அறுவடை நாள்களில் விழுகிறது. அவளுக்கு ஒருநாள் ஓய்வின் விலை மற்றவளுக்கு உள்ளதைவிடப் பெரிது. இவ்விருவருக்கும் பொருந்தும் ஒரே தேதியைச் சென்னையிலோ தில்லியிலோ உட்கார்ந்து யாரும் குறித்துவிட முடியாது.

நாள் குறிப்பதைப் பற்றிப் பேசுகையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தாய் பத்து மாதம் சுமந்தாள் என்று தமிழில் சொல்வதைச் சிலர் மிகையென்று எண்ணுகிறார்கள். இருபத்தெட்டு நாள் கொண்ட பத்து மாதங்கள் 280 நாள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து மருத்துவர்கள் எண்ணும் நாற்பது வாரமும் அதே 280. நம் முன்னோர் கணக்கில் பிழை இல்லை. ஆயினும் குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான்; சட்டம் பின்னோக்கி வாரங்களை எண்ணுவதோ அந்த நாளிலிருந்து.

எப்போது வேலையை விடுவது என்ற கேள்விக்கு நம் சம்பிரதாயம் தந்திருக்கும் விடை வளைகாப்பு. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ இரு கைகளிலும் கண்ணாடி வளையல்களை அடுக்கி, சித்திரான்னங்கள் பரிமாறி, தலைச்சன் பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் அந்தச் சடங்கை மங்கல நிகழ்ச்சியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். முழங்கை வரை கண்ணாடி அடுக்கிய கையால் களைக்கொத்து பிடிக்கவும் முடியாது, கட்டு தூக்கவும் முடியாது. இவள் இன்றோடு வேலையை விட்டாள் என்று ஊரறியச் செய்யும் பிரகடனமாகவும் அதைக் கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். புகுந்த வீட்டின் வேலையிலிருந்து அவளை உடலோடு பெயர்த்துக் கொண்டுபோய், கேள்வி கேட்காமல் சோறுபோடும் வீட்டில் வைக்கிறது அது. யாரிடமும் விண்ணப்பிக்காமலே கிடைக்கும் ஓய்வு அது. செலவு முழுவதும் தாய்வீட்டினுடையது. தாய்வீடு வறியதானால்? தாயே இல்லாவிட்டால்? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சலுகை முதற்பேற்றோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது குழந்தைக்கு வளையலும் இல்லை, அழைப்பும் இல்லை. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று காட்டுக்கும் வீட்டுக்கும் நடப்பவளை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. அங்கன்வாடிகளின் வழியே அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பு, தாய்வீட்டின் பொறுப்பில் ஒரு சிறு பகுதியையேனும் ஊர் ஏற்கிறது என்பதற்கு நல்ல அறிகுறி.

குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவமாகும் என்று மூத்த பெண்கள் சொல்வதை நான் புறக்கணிக்கவில்லை. மிதமான நடையும் உடலசைவும் ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு நன்மை என்றே இன்றைய மருத்துவமும் கூறுகிறது. காரணமின்றி மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பது இரத்தம் உறைதல் போன்ற கேடுகளை விளைவிக்கும். நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலையைச் சிக்கலற்ற கர்ப்பிணி, தன் விருப்பப்படி, நிறைமாதம் வரை செய்வதில் தவறில்லை. களைத்தபோது உட்காரலாம், தாகமெடுத்தபோது நீர் குடிக்கலாம் என்ற சுதந்திரத்தோடு குனிந்து நிமிர்வதற்கும், நிரையில் பின்தங்கினால் நாளைக்கு அழைக்கமாட்டார்கள் என்ற பயத்தோடு குனிந்து நிமிர்வதற்கும் உள்ள பேதத்தைத்தான் அந்த முதுமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. அத்தகையவளுக்கு மற்றவளின் மிதமான வேலையே கடும் வேலை. இரத்தக்கசிவு, ஓயாத தலைவலி, முகத்திலும் கையிலும் வீக்கம், சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும், எந்த மாதமானாலும் சரி, அன்றே வேலையை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

ஜெர்மனியில் 1952-ஆம் ஆண்டின் தாய்மைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிவந்த முறை, நம் சட்டத்தின் அடிப்படைக் கோளாறு தவிர்க்கக்கூடியதே என்பதைக் காட்டுகிறது. அங்கே பேற்றுக்கு முந்தைய ஆறு வாரமும் பிந்திய எட்டு வாரமும் வெவ்வேறு பைகள். முன்னதை எடுக்காமல் விட்டதால் பின்னது நீளாது. ஆகவே சேமிக்கும் ஆசையால் தன்னை வருத்திக்கொள்ள அவசியமில்லை. அவள் தானே விரும்பினால் அந்த ஆறு வாரத்திலும் வேலை செய்யலாம். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். குழந்தை குறித்த நாளுக்கு முந்திப் பிறந்துவிட்டால் மட்டும், இழந்த நாள்கள் பின்னே சேர்க்கப்படும். நம் ஆலைப் பெண்ணுக்கும் 26 வாரத்தைத் தொடாமல், பேற்றுக்கு முன் தனியாக ஆறு வாரத்தைச் சட்டம் ஒதுக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். காட்டு வேலைக்காரிக்கு நிதியுதவியின் பெரும்பகுதி அவளுடைய பருவத்தை ஒட்டி, கர்ப்பத்தின் நடு மாதங்களிலேயே, கைக்கு வரவேண்டும். நூறு நாள் வேலையில் பெயருள்ள கர்ப்பிணிக்கு நிழலில் உட்கார்ந்து செய்யும் பணி, அவள் கேட்காமலே, முழுக் கூலியோடு கிடைக்கவேண்டும்.

இவையெல்லாம் வர நாளாகலாம். பணச் செலவில்லாத காரியம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இன்று அநேகமாகப் பிரசவங்கள் அனைத்துமே மருத்துவமனைகளில்தான் நிகழ்கின்றன. கருவுற்ற செய்தி சில வாரங்களிலேயே கிராம சுகாதாரச் செவிலியரின் காதுக்கு எட்டி, பதிவெண்ணும் கிடைத்துவிடுகிறது. கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று கேட்டு, விரல்விட்டு எண்ணிப் பேற்று நாளைக் குறிக்கும் அந்த முதற் சந்திப்பிலேயே, இப்போது என்ன வேலைக்குப் போகிறாய், எத்தனை நேரம் நிற்கிறாய், குனிகிறாய், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகிறாயா, உன் காட்டில் மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்றும் செவிலியர் கேட்கலாம். கேட்டதை அட்டையில் எழுதி, கூட வந்த கணவனிடமோ மாமியாரிடமோ, இந்த மாதத்திலிருந்து குடத்தை நீங்கள் தூக்குங்கள் என்று சொல்லலாம். செவிலியர் சொல்லிவிட்டார் என்றால் வீட்டில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. மருமகள் தன் வாயால் கேட்கத் தயங்கியது, அவள் கேட்காமலே நடந்துவிடும்.